நிலையானது என்றால், எதைவிட?

எங்கள் ஆய்வுக்குழுவின் வாராந்தரக் கூட்டத்தில் யாராவது "இந்தப் படிக அமைப்பு நிலையானது" என்று சொன்னால், "எதைவிட?" என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் முதலில் சற்றுத் திகைப்பார்கள். திரையில் ஆற்றல் எண் இருக்கிறது, அது எதிர்மறையாகவும் இருக்கிறது, கணக்கீடும் ஒழுங்காக முடிந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றும். நிலைத்தன்மையை ஒரு படிகத்தை மட்டும் தனியே பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதே அணுக்கள் வேறு எந்தெந்த விதங்களில் அடுக்காக அமரலாமோ, அத்தனையோடும் ஒப்பிட்ட பிறகே அந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியும். பெங்களூரில் உலோகக்கலவைகளின் படிக அமைப்பைக் கணினியில் முன்கணிக்கும் பணியில் இருக்கும் நான், இத்துறையைப் பற்றித் தமிழில் எழுத நினைத்தபோதெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறேன்.

உலோகத்தின் உள்ளே அணுக்கள் முப்பரிமாண அணிவகுப்பில், ஒரே முறையில் திரும்பத் திரும்ப அமர்ந்திருக்கின்றன. அந்த அணிவகுப்பு மாறினால் வலிமை, நெகிழ்வு, காந்தத்தன்மை எல்லாமே மாறிவிடும். ஜெட் எஞ்சினின் சுழலித் தகடுகளில் பயன்படும் நிக்கல் கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வலிமைக்கு முக்கியக் காரணம், மூன்று நிக்கல் அணுவுக்கு ஓர் அலுமினிய அணு என்ற விகிதத்தில், கனசதுரத்தின் மூலைகளில் அலுமினியமும் முகங்களின் நடுவில் நிக்கலும் அமர்ந்த நுண்துகள்கள். சாதாரணமாக உலோகங்கள் சூடேறச் சூடேற இளகும். இந்த அமைப்போ ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை வரை சூடேறச் சூடேற வலுவடைகிறது. அதே அணுக்களை அதே விகிதத்தில் தாறுமாறாக அமர்த்தினால் அந்தக் குணம் கிடைக்காது. ஆகவே, எந்த இரண்டு உலோகங்களைச் சேர்த்தால் எந்த அடுக்கு உருவாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், உலையில் உருக்கிப் பார்க்க வேண்டிய கலவைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும்.

கணினி வருவதற்கு முன்பும் இதற்கு விதிகள் இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய வில்லியம் ஹ்யூம்-ராத்தரி வகுத்த விதிகளில் புகழ்பெற்றது, இரண்டு உலோகங்களின் அணு அளவுகள் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அவை ஒன்றில் ஒன்று தாராளமாகக் கரையமாட்டா என்பது. 1984-இல் டேவிட் பெட்டிஃபர் தனிமங்களை ஒரு புதிய வரிசையில் அடுக்கி, அந்த வரிசை எண்களையே அச்சுகளாக வைத்து வரைபடம் போட்டபோது, ஒரே அமைப்புடைய சேர்மங்கள் அருகருகே கூட்டமாக வந்து விழுந்தன. இரண்டுமே கூர்மையான அவதானிப்புகள். ஆனாலும் அவை ஏற்கெனவே அறிந்ததிலிருந்து அறியாததை ஊகிப்பவை. காரணத்திலிருந்து தொடங்குபவை அல்ல. 1988-இல் நேச்சர் இதழின் ஆசிரியர் ஜான் மேடக்ஸ், ஒரு பொருளின் வேதிச் சேர்க்கையை மட்டும் கொடுத்தால் மிக எளிய படிகத்தின் அமைப்பைக்கூடப் பொதுவாகச் சொல்ல முடியவில்லையே என்று எழுதி, அதை இயற்பியல் அறிவியல்களுக்கு நேர்ந்த தொடர் அவக்கேடாகவே குறிப்பிட்டார். கடுமையான சொல்தான், அன்றைய நிலைக்குப் பொருந்திய சொல்.

காரணத்திலிருந்து தொடங்கும் வழி அதற்குள் திறந்துதான் இருந்தது. 1964-இல் ஹோஹென்பெர்கும் கோனும், 1965-இல் கோனும் ஷாமும் வெளியிட்ட இரண்டு கட்டுரைகள், கோடிக்கணக்கான எலெக்ட்ரான்களின் கூட்டியக்கத்தை நேரடியாகத் தீர்க்காமல், வெளியில் ஒவ்வொரு புள்ளியிலும் எலெக்ட்ரான் அடர்த்தி எவ்வளவு என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டே படிகத்தின் ஆற்றலைப் பெறலாம் என்று காட்டின. வால்டர் கோனுக்கு 1998-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகவே. இன்று டி.எஃப்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த அடர்த்திச் சார்புக் கோட்பாட்டுக்கு நாம் கொடுப்பது அணுக்களின் பெயரும் இருப்பிடமும் மட்டுமே. அது திருப்பித் தருவது ஆற்றல். அணுக்களைச் சற்றே நகர்த்தி மறுபடி கேட்டால் மறுபடி ஆற்றல். எந்த அடுக்கில் ஆற்றல் மிகக் குறைவோ அதை இயற்கை தேர்ந்தெடுக்கும், சுழி கெல்வினில், அதாவது வெப்பத்தின் பங்கே இல்லாத நிலையில்.

இந்த எண்களின் அளவை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு தங்க அணுவில் உள்ள எலெக்ட்ரான்களின் மொத்த ஆற்றல் ஏறத்தாழ ஐந்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). இரண்டு போட்டி அமைப்புகளுக்கு இடையே நாம் தேடும் வேறுபாடோ பல நேரங்களில் அணுவுக்குச் சில மில்லி எலெக்ட்ரான் வோல்ட், அதாவது ஓர் எலெக்ட்ரான் வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கு. அணுக்கருவை ஒட்டிய உள் எலெக்ட்ரான்கள் வேதிப்பிணைப்பில் பங்கெடுப்பதில்லை என்பதால் அவற்றைக் கணக்கிலிருந்து விலக்கிவிடும் உத்தி இருக்கிறது; ஒப்பிடும் இரு அமைப்புகளுக்கும் ஒரே மாதிரி நேரும் பிழைகள் கழித்தலில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. இத்தனை நுண்ணிய கழித்தல் பெரும்பாலும் சரியாக வருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கோனின் தேற்றம் முழு உண்மை. ஆனால் அதைக் கணக்கில் போடும்போது எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து விலகுவதால் வரும் பரிமாற்ற விளைவுகளுக்கு ஏதேனும் ஒரு தோராயச் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஆக வேண்டும். ஆரம்பகாலத் தோராயம் இரும்பிடம் தோற்றது. காந்தமற்ற, நெருங்கி அடுக்கப்பட்ட அமைப்பே இரும்புக்கு ஆற்றல் குறைந்தது என்று அது சொன்னது. கையில் இருக்கும் இரும்போ காந்தத்தன்மை கொண்டது. கனசதுரத்தின் மூலைகளிலும் நடுமையத்திலும் அணுக்களைக் கொண்டது. அடர்த்தி இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்ட அடுத்த தலைமுறைச் சூத்திரங்கள் வந்த பிறகே இரும்பு தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். இரண்டு உலோகங்களின் கலவைக்கு ஒரு வரைபடம் போடுகிறோம். கிடை அச்சில் ஓர் உலோகத்தின் அணு விகிதம், சுழியிலிருந்து நூறு சதவீதம் வரை. செங்குத்து அச்சில் உருவாக்க ஆற்றல், அதாவது இரண்டு தூய உலோகங்களும் தனித்தனியே இருந்தால் இருக்கும் ஆற்றலைவிட அந்த அமைப்பின் ஆற்றல் எவ்வளவு குறைவு அல்லது கூடுதல் என்பது. கணக்கிட்ட ஒவ்வோர் அமைப்பும் ஒரு புள்ளியாகிறது. இப்போது இரு முனைகளிலும் கட்டிய நூல் ஒன்றைப் புள்ளிகளுக்கு அடியில் கொடுத்து மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால், அது சில புள்ளிகளை மட்டும் தொட்டு நிற்கும். தொடும் புள்ளிகளே நிலையான அமைப்புகள். நூலுக்கு மேலே இருக்கும் புள்ளி, உருவாக்க ஆற்றல் எவ்வளவு எதிர்மறையாக இருந்தாலும், இரு பக்கமும் நூலைத் தொட்டு நிற்கும் அண்டை அமைப்புகளாகப் பிரிந்துபோவதே ஆற்றலுக்கு லாபம். மாணவர்களின் திகைப்புக்கு விடை இங்கேதான் இருக்கிறது. எதிர்மறை எண் என்றால் தூய உலோகங்களைவிட நிலையானது என்று மட்டுமே பொருள். மற்ற போட்டியாளர்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

நூலுக்கு மேலே இருப்பதால் ஒரு பொருள் பயனற்றது என்று எண்ணிவிடக் கூடாது. எஃகின் உறுதிக்குக் காரணமான சிமென்டைட் என்ற இரும்பு கார்பைடு, இரும்பாகவும் கிராஃபைட்டாகவும் பிரிந்துபோக வேண்டிய பொருள். பிரிவதற்கான வேகம் மிகக் குறைவு என்பதால் பாலங்களும் தண்டவாளங்களும் நிற்கின்றன.

தங்கமும் செம்பும் சேர்ந்த கலவையை இனி அருகில் போய்ப் பார்ப்போம். இத்துறையில் அதிகம் ஆராயப்பட்ட இணைகளில் ஒன்று அது. நம் வீடுகளில் அதிகம் புழங்குவதும்கூட. இரண்டு உலோகங்களும் ஒரே வகை அடுக்கு கொண்டவை, கனசதுரத்தின் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அணுக்கள். செம்பின் கனசதுர விளிம்பு 3.61 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), தங்கத்தினுடையது 4.08. வேறுபாடு ஏறத்தாழ 13 சதவீதம், ஹ்யூம்-ராத்தரி வரம்புக்குள் அடங்கும். எனவே உயர் வெப்பநிலையில் எந்த விகிதத்திலும் இவை ஒன்றில் ஒன்று கலந்துவிடும், எந்த அணு எந்த இடத்தில் என்ற ஒழுங்கே இல்லாமல்.

பெங்களூர் நகரத்பேட்டையில் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பத்தரை எனக்குப் பழக்கம். அவர் குடும்பம் அல்சூரில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பம். வெள்ளி சேர்க்காத பதினெட்டு கேரட் சிவப்புத் தங்கத்தில் கம்பி இழுக்கும் முன் அவர் அதைச் செக்கச்செவேலெனக் காய்ச்சி, ஆற விடாமல் அப்படியே தண்ணீரில் அமிழ்த்தினார். ஏன் என்று கேட்டேன். "மஞ்சத் தங்கம்னா ஆற விட்டாலும் பரவால்லம்மா. இதை ஆற விட்டா விறைச்சுக்கும். அப்புறம் கம்பி இழுத்தீங்கன்னா பொட்டுனு போயிடும். செம்பு ஜாஸ்தி இல்ல, அதான்," என்றார். அருகிலிருந்த தட்டில் ஆறிப்போன ஒரு துண்டை எடுத்து இடுக்கியால் வளைத்துக் காட்டினார். அது வளைய மறுத்தது.

அவர் சொன்னதில் இயற்பியல் அத்தனையும் அடங்கியிருக்கிறது. பதினெட்டு கேரட் என்றால் எடையில் 75 சதவீதம் தங்கம். தங்க அணுவின் நிறை செம்பு அணுவினுடையதைப் போல மூன்று மடங்கு என்பதால், அணுக்களை எண்ணினால் தங்கம் 49, செம்பு 51 என்று ஏறத்தாழ சரிபாதியாக வந்துவிடுகிறது. சரிபாதிக் கலவை மெதுவாக ஆறும்போது 410 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அணுக்கள் ஒழுங்குபடத் தொடங்குகின்றன. 385 டிகிரிக்குக் கீழே போனதும் ஒரு தளம் முழுவதும் தங்கம், அடுத்த தளம் முழுவதும் செம்பு என்று மாறி மாறி அமர்கின்றன. இடைப்பட்ட 25 டிகிரியில், இதே அடுக்கு ஐந்து அலகுகளுக்கு ஒருமுறை இடம் மாறி வரும் விசித்திரமான நீள் அலை அமைப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். தளங்கள் மாறி மாறி அமைந்ததும் கனசதுரம் ஒரு திசையில் குறுகிவிடுகிறது. இரண்டு விளிம்புகள் 3.97 ஆங்ஸ்ட்ராம், மூன்றாவது 3.67. உலோகத்தின் ஒரு பகுதி ஒரு திசையிலும் பக்கத்துப் பகுதி வேறொரு திசையிலும் குறுகுவதால் ஒன்றையொன்று நெருக்கித் தகைவு ஏறுகிறது, கம்பி விறைக்கிறது. தண்ணீரில் அமிழ்த்தும்போது அணுக்களுக்கு இடம் மாற நேரம் கிடைப்பதில்லை. சூட்டில் இருந்த ஒழுங்கின்மை அப்படியே உறைந்துவிடுகிறது.

கணினியில் இந்த அடுக்கை எழுத இரண்டே அணுக்கள் போதும். ஒரு தங்கம், ஒரு செம்பு, திரும்பத் திரும்ப வரும் ஒரு பெட்டி. ஆனால் எதிர்த்தரப்பில் இருக்கும் ஒழுங்கற்ற கலவையை எழுதுவதுதான் கடினம், ஏனெனில் அதற்குத் திரும்ப வரும் பெட்டி என்று ஒன்றே கிடையாது. 1990-இல் அலெக்ஸ் ஸங்கரும் சகாக்களும் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். சிறிய பெட்டி ஒன்றுக்குள், அணுக்களின் அண்டை உறவுகள் முழுமையான தற்செயல் கலவையின் சராசரியை ஒத்திருக்குமாறு தேர்ந்து அமர்த்தும் முறை அது. அப்படியும் வேலை முடிவதில்லை. ஒழுங்கின்மைக்கு என்ட்ரோபியின், அதாவது அணுக்கள் எத்தனை விதங்களில் அமரலாம் என்ற அளவின், துணை இருக்கிறது; சூடேறச் சூடேற அது வலுக்கும். சரிபாதிக் கலவையில் ஒவ்வோர் இடத்திலும் இரண்டில் ஒன்று என்ற சுதந்திரம் இருப்பதால், 410 டிகிரியில் அந்தத் துணையின் உச்ச மதிப்பு அணுவுக்கு 41 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் என்று ஒரு தாளிலேயே கணக்கிட்டுவிடலாம். ஒழுங்கான அடுக்குக்கு இருக்கும் ஆற்றல் லாபத்தை இந்த அளவு ஈடுகட்டும் இடத்தில் மாற்றம் நிகழ்கிறது. உண்மையில், ஒழுங்கற்ற நிலையிலும் தங்கம் செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவே விரும்புவதால் கணக்கு இதைவிடச் சிக்கலாகும். அளவு என்னவோ இந்த வரிசையில்தான் இருக்கும்.

இங்கேதான் தோராயச் சூத்திரம் மறுபடி குறுக்கிடுகிறது. சரிபாதித் தங்கச் செம்பின் உருவாக்க ஆற்றல் அளவீட்டில் அணுவுக்கு ஏறத்தாழ 90 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் லாபம் காட்டுகிறது. உலோகங்களுக்கு வழக்கமாகப் பயன்படும் பி.பி.இ. சூத்திரம் அதில் பாதியைச் சற்றே தாண்டுவதோடு நின்றுவிடுகிறது. இது நெடுங்காலம் ஒரு முள்ளாகவே இருந்தது. 2014-இல் ஜாங், கிரெஸ்ஸே, வோல்வர்ட்டன் ஆகியோர், பரிமாற்ற விளைவின் ஒரு பங்கைத் தோராயமின்றிச் சேர்க்கும் கலப்புச் சூத்திரத்தால் இந்த எண் அளவீட்டுக்கு அருகே வந்துவிடுவதைக் காட்டினார்கள். செலவுதான் பன்மடங்கு. அடுக்கு எது என்பதைப் பல இடங்களில் பி.பி.இ. சரியாகச் சொல்லிவிடும், எந்த வெப்பநிலை வரை அந்த அடுக்கு தாங்கும் என்று கேட்டால்தான் இந்தக் குறைபாடு முழுவதும் வெளியே வரும். ஆகையால், ஒரு கட்டுரையில் மாற்ற வெப்பநிலை கொடுக்கப்பட்டிருந்தால் நான் முதலில் தேடுவது எந்தச் சூத்திரம் என்ற ஒரு வரியைத்தான்.

வெப்பநிலையின் பங்கை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் கதை அலுமினியத்தில் இருக்கிறது. 1906-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம், சிறிதளவு செம்பும் மெக்னீசியமும் சேர்த்த அலுமினியத்தைக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்திச் சில நாட்கள் சும்மா வைத்திருந்தால் அது தானாகவே வலுவடைவதைக் கண்டார். விமானங்கள் உலோகத்தால் பரவலாகக் கட்டப்பட்டதற்கு அந்தக் கலவை ஒரு முக்கியக் காரணம். 1940-இலிருந்து விமானம் கட்டும் இந்த ஊரில் அதன் வாரிசுகளைத் தொட்டு வேலை செய்த கைகள் ஏராளம். செம்பு சேர்த்த அலுமினியத்தைச் சூட்டில் வைத்துப் பதப்படுத்தும்போது வலுவின் ரகசியம், இரண்டு அலுமினியத்துக்கு ஒரு செம்பு என்ற விகிதத்தில் உள்ளே முளைக்கும் மெல்லிய துகள்கள். தீட்டா-பிரைம் என்ற அமைப்பு முதலில் வரும். நீண்ட நேரம் சூட்டில் வைத்தால் அது தீட்டா என்ற இறுதி அமைப்புக்கு வழிவிடும். தீட்டாவே நிலையானது, பிரைம் இடைக்கால விருந்தாளி என்று பாடநூல்கள் அனைத்தும் சொல்லின.

2001-இல் வோல்வர்ட்டனும் ஓசோலின்ஷும் இதைக் கணக்கிட்டபோது விடை தலைகீழாக வந்தது. பிரைமின் ஆற்றல்தான் குறைவு. இப்படி ஒரு விடை வந்தால் டி.எஃப்.டி.யின் தோல்விப் பட்டியலில் எழுதிவிட்டுப் போவது எளிது. அவர்கள் அப்படிப் போகவில்லை. சுழி கெல்வினில் சொன்ன விடையைச் சூட்டில் செய்த சோதனையோடு ஒப்பிடுவது நியாயமா என்று கேட்டார்கள். அணுக்கள் தத்தம் இடத்தில் அதிரும். அதிர்வு எளிதாக இருக்கும் அமைப்புக்கு என்ட்ரோபி கூடுதல். ஃபோனான் என்று சொல்லப்படும் அந்த அதிர்வுகளை இரண்டு அமைப்புகளுக்கும் கணக்கிட்டுச் சேர்த்தபோது, ஏறத்தாழ 150 முதல் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் தீட்டா முந்திக்கொண்டது. சோதனைகள் நடந்ததெல்லாம் பெரும்பாலும் அதற்கு மேற்பட்ட சூட்டில். பாடநூலும் சரி, கணக்கும் சரி, இரண்டும் வெவ்வேறு வெப்பநிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. இத்துறைக்குப் புதிதாக வருபவர் முதலில் படிக்க வேண்டிய ஆய்வு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

போட்டியாளர்களின் பட்டியலை நிரப்புவது அடுத்த சிக்கல். இருபது இடங்கள் கொண்ட ஒரு சிறு பெட்டியில் இரண்டு வகை அணுக்களை அமர்த்தும் விதங்கள் 10,48,576. சமச்சீர் காரணமாக ஒன்றேயாகிவிடுபவற்றைக் கழித்தாலும் மிச்சம் மலைக்க வைக்கும். அணுக்களின் எண்ணிக்கையை இரட்டித்தால் டி.எஃப்.டி. கணக்கின் செலவு எட்டு மடங்கை நோக்கி ஏறுவதால், ஒவ்வொன்றாகப் பார்ப்பது நடவாது. ஸ்டெஃபானோ குர்தரோலோ, டேன் மார்கன், கெர்பிராண்ட் சீடர் மூவரும் 2005-இல் வெளியிட்ட பெரும் ஆய்வு, இயற்கையில் ஏற்கெனவே கண்ட அமைப்புகளையே போட்டியாளர்களாக எடுத்துக்கொண்டது. எண்பது இரட்டை உலோக இணைகள், ஒவ்வொன்றுக்கும் 176 அமைப்புகள், மொத்தம் 14,080 ஆற்றல் கணக்கீடுகள். சோதனையில் அறிந்த அமைப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றை அது சரியாகவே மீட்டெடுத்தது. மேடக்ஸின் புகாருக்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து வந்த பதில் என்றே அதைக் கருதுகிறேன். ஆனால் 176 என்ற பட்டியலில் இல்லாத அமைப்பு எப்படி வெல்லும்?

பட்டியலே இல்லாமல் தேடும் முறைகள் இரண்டு திசைகளில் வளர்ந்தன. அடுக்கின் சட்டகம் தெரிந்திருந்து, அதில் யார் எங்கே அமர்வது என்பது மட்டும் கேள்வியானால், 1984-இல் சான்செஸ், டுகாஸ்டெல், கிராட்டியாஸ் ஆகியோர் முறைப்படுத்திய கொத்து விரிவு உதவும். சில பத்து அமைப்புகளின் டி.எஃப்.டி. ஆற்றலிலிருந்து, இரண்டிரண்டாகவும் மூன்று மூன்றாகவும் அண்டை அணுக்களுக்கு உள்ள உறவின் வலிமையைக் கண்டறிந்துவிட்டால், மீதி லட்சக்கணக்கானவற்றின் ஆற்றலைக் கண்ணிமைக்கும் நேரத்தில் மதிப்பிடலாம். சட்டகமே தெரியாதபோது, 2006-இல் ஒகனோவும் கிளாஸும் முன்வைத்த பரிணாமத் தேடல் போன்றவை வேண்டும். அதில் ஆற்றல் குறைந்த அமைப்புகள் பெற்றோராகி அடுத்த தலைமுறையைத் தருகின்றன. பிக்கார்டும் நீட்ஸும் இன்னும் துணிவாக, அணுக்களைக் கண்டபடி வீசி, ஒவ்வொரு வீச்சையும் அருகிலுள்ள பள்ளத்துக்கு உருள விட்டுப் பார்த்தார்கள். அது வேலை செய்கிறது என்பதே முதலில் எனக்கு நம்பச் சிரமமாக இருந்தது. இந்திய அறிவியல் கழகத்தில், பெங்களூர்க்காரர்கள் டாடா இன்ஸ்டிடியூட் என்றே சொல்லும் வளாகத்தில், 2022-இல் நிறுவப்பட்ட 3.3 பெட்டாஃப்ளாப் வேகமுள்ள பரம் பிரவேகா போன்ற மீக்கணினிகள் வந்த பிறகு, இந்தத் தேடல்கள் நம் மாணவர்களின் கைக்கும் எட்டியிருக்கின்றன.

2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட நோம் என்ற ஆய்வு, செயற்கை நுண்ணறிவின் நரம்பு வலையமைப்பைக் கொண்டு 22 லட்சம் புதிய படிகங்களை முன்மொழிந்தது. அவற்றில் ஏறத்தாழ 3.8 லட்சம், நூலைத் தொடுபவை. எண்ணிக்கை பிரமாண்டமானது, முறையும் மதிப்புக்குரியது. எனக்குள்ள கவலை, அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் யார் என்பதில். ஒவ்வோர் அணுவுக்கும் ஓர் இடம் என்று எழுதப்பட்ட ஒழுங்கான படிகங்களே பட்டியலில் இருந்தன. ஒழுங்கற்ற கலவை போட்டிக்கே அழைக்கப்படவில்லை. அதே சமயத்தில் பெர்க்லியில் ஒரு தானியங்கி ஆய்வகம் கணிக்கப்பட்ட புதிய சேர்மங்களைத் தயாரித்ததாக அறிவித்தபோது, பால்கிரேவ், ஸ்கூப் உள்ளிட்ட வேதியியலாளர்கள் எழுப்பிய மறுப்பின் மையமும் இதுதான். ஒழுங்கானவை என்று கணிக்கப்பட்டவற்றில் பல, உண்மையில் இரண்டு உலோகங்கள் ஒரே வகை இடங்களைத் தாறுமாறாகப் பகிர்ந்துகொள்ளும் ஏற்கெனவே அறிந்த பொருள்களே என்று அவர்கள் காட்டினார்கள். நகரத்பேட்டைப் பட்டறையில் தண்ணீருக்குள் போன கம்பியை ஒழுங்கான அடுக்கு என்று எழுதி வைப்பதற்கு ஒப்பானது அது.

ஒழுங்கின்மையே வெல்லும் கலவைகளும் உண்டு என்பதை இந்த ஊரில் முன்கூட்டியே எழுதியவர் பேராசிரியர் எஸ். ரங்கநாதன். ஐந்தாறு உலோகங்களைச் சம பங்கில் கலப்பது பற்றி அவர் 2003-இல் கரண்ட் சயன்ஸ் இதழில் எழுதினார். உயர் என்ட்ரோபி கலவைகள் என்று இன்று உலகமெங்கும் பேசப்படுபவற்றை நிறுவிய யே, கேன்டர் ஆகியோரின் கட்டுரைகள் வந்தது 2004-இல். ஐந்து உலோகங்கள் சமமாகக் கலந்தால், 1000 கெல்வினில் ஒழுங்கின்மைக்குக் கிடைக்கும் துணை அணுவுக்கு 139 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் வரை போகும். அதை வெல்ல ஒழுங்கான சேர்மம் நன்றாகவே பலம் கொண்டிருக்க வேண்டும். சூடு தணியும்போது இந்தத் துணையும் தேய்ந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது என் கையில் இருக்கும் வேலை தங்கம் மிகுந்த பக்கத்தைப் பற்றியது. செம்பு மட்டும் சேர்த்த இருபத்திரண்டு கேரட் தங்கத்தில் அணுக்களை எண்ணினால் நூற்றுக்கு 78 தங்கம். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு மிக அருகில். கடையில் வாங்கும் நகையில் பொதுவாக வெள்ளியும் சேர்ந்திருக்கும், ஆனாலும் தொடங்குவதற்கு இது நல்ல இடம். மூலைகளில் செம்பும் முகங்களின் நடுவில் தங்கமும் இருக்கும் அமைப்பே இந்த விகிதத்துக்கு உரியது என்று பழைய நூல்கள் சொல்கின்றன. 1998-இல் ஓசோலின்ஷ், வோல்வர்ட்டன், ஸங்கர் ஆகியோர் கணக்கிட்டபோது அந்த அமைப்பு நூலைத் தொடவில்லை. தளம் தளமாக அமையும் வேறு வரிசைகள் அதை முந்தின. சோதனையால் இதைத் தீர்ப்பது கடினம். இந்த விகிதத்தில் ஒழுங்குபடும் வெப்பநிலை 200 டிகிரியை ஒட்டியது. அந்தச் சூட்டில் அணுக்கள் இடம் மாறுவது மிக மிக மெதுவாக நடப்பதால், முழு ஒழுங்கு வரும்வரை காத்திருப்பது நடைமுறையில் இயலாது.

ஆகவே தள வரிசைகளை வரிசையாக எடுத்து, பி.பி.இ. சூத்திரத்திலும் கலப்புச் சூத்திரத்திலும் ஆற்றலையும், முன்னணியில் நிற்பவற்றுக்கு மட்டும் ஃபோனான்களையும் கணக்கிடத் திட்டமிட்டிருக்கிறேன். போட்டியாளர்களுக்கு இடையே சில மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டே வேறுபாடு இருக்கும் என்பதால், எலெக்ட்ரான் அலைகளை மாதிரியெடுக்கும் கே-புள்ளி வலையின் பிழையை முதலில் அரை மில்லிக்குக் கீழே கொண்டுவந்தாக வேண்டும். அந்தச் சோதனைதான் இந்த வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிவுகள் வந்ததும் ஆற்றல் எண்களோடு, ஒப்பிட்ட அமைப்புகளின் முழுப் பட்டியலையும் இங்கே வெளியிடுவேன். அதில் விடுபட்ட போட்டியாளர் எவராவது உங்கள் கண்ணில் பட்டால் எழுதுங்கள், சேர்த்துக் கணக்கிடுகிறேன்.